பதினான்காவது மான்

எஸ்பியர்க்
17.11.1985

அண்ணைக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க மனமில்லை. நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பது வேட்டைச் சங்கத்தின் இதழில் வந்த படத்திலேயே தெரிகிறது. பச்சைத் தொப்பி, தோளில் துவக்கு, முகத்தில் சிரிப்பு. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவளின் புருஷன் அந்த இதழ் எடுக்கிறவர். “இது உன் அண்ணன்தானே?” என்று பெருமையாகக் கொண்டுவந்து தந்தாள்.

இரண்டு பக்கக் கட்டுரை. “ஒன்பது தசம் மூன்றும் நானும்: பதினான்கு மான்கள், பதினான்கு வெடிகள்.” டெனிஷ் மொழியில் பிழையே இல்லை. ஒரு பந்தியை மட்டும் தமிழில் எழுதி அனுப்புகிறேன். தமிழில் வாசித்தால் உங்களுக்கு வெட்கம் வருகிறதா என்று பாருங்கள்.

“ஆறரை மில்லிமீற்றர்த் துவக்கால் மானைக் காயப்படுத்திவிட்டு நாயோடு காடெல்லாம் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது தசம் மூன்று மில்லிமீற்றர்த் தோட்டா அப்படியல்ல. அதன் குண்டு கனமானது, ஆழமாக இறங்கும். கொஞ்சம் பின்னால் பட்டாலும், இருநூறு மீற்றரில் பட்டாலும், மான் நாற்பது அடிக்குமேல் போகாது. பத்து வருடத்தில் எனக்குத் தேடும் நாய் தேவைப்பட்டதேயில்லை.”

இதை வாசித்தபோது என் நாய் திரீனெ காலடியில் கிடந்தாள். நெஞ்சில் முப்பத்தொரு தையல். முன்னங்கால் ஒன்றை இன்னும் நிலத்தில் ஊன்ற முடியவில்லை. அவள்தான் உங்களுக்குத் தேவைப்படவில்லை.

என் புருஷன் ஹென்னிங் செத்த பிறகு இந்த வேலையை நான் விடாமல் செய்கிறேன். வேட்டைக்காரர் காயப்படுத்திவிட்ட மானை நாயோடு தேடிப்போய் அதன் வேதனையை முடித்து வைக்கிறேன். அதில் எத்தனை முறை உங்களுக்காக வந்தேன்? 1982 ஒக்ரோபரில் நீங்கள் சுட்ட பெண்மானை மறுநாள் காலை நாணலுக்குள் கண்டுபிடித்தோம். 1983இல் ஒன்று கிடைக்கவேயில்லை. இரண்டு நாள் தேடினோம், மூன்றாம் நாள் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது. போன வருடம் வயிற்றில் பட்ட கலைமான் பத்தொன்பது மணித்தியாலம் உயிரோடு கிடந்தது. நாங்கள் போனபோது தலையைத் தூக்கிப் பார்த்தது. நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

இந்த வருடக் கதைக்கு வருகிறேன். கட்டுரையின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “பதினான்காவது, இந்த ஒக்ரோபரில், பன்னிரண்டு கிளைக் கொம்பன். பதினெட்டு மீற்றரில் எனக்கு நேரே நின்றான். ஒரே வெடி. சுவர் சரிவதுபோல் விழுந்தான்.”

விழுந்தான், அது உண்மை. சுட்டது யார், அண்ணை?

கிறேஸ்

*

இக்காஸ்ட்
24.11.1985

கிறேஸ்,

பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பியைத் திருத்துவதுபோல் என் கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருக்கிறாய். உனக்கு ஆறு வயது மூத்தவன் நான். உனக்கு இந்த நாட்டுக்கு வழி காட்டியவனும் நான்தான். அதைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டு பேனையை எடுத்திருக்கலாம்.

நான் எழுதியது ஒரு தோட்டாவைப் பற்றி. தோட்டா தன் வேலையைச் செய்த பதினான்கு தடவைகளை எழுதினேன். 1982இல் குறுக்கே ஒரு பேர்ச் மரக் கிளை இருந்தது. 1983இல் காற்று. போன வருடம் நான் விசையைத் தொட்ட கணத்தில் மான் ஒரு அடி முன்னே வைத்துவிட்டது. கிளைக்கும் காற்றுக்கும் தோட்டா பொறுப்பா? எழுபது எண்பது வருடமாக ஆபிரிக்காவில் எருமைக்கும், சுவீடனில் பெரிய எல்க் மானுக்கும் இதைத்தான் பாவிக்கிறார்கள். மிகச் சிறியதுமல்ல, யானை சுடுகிற பெரியதுமல்ல. ஆறரை மில்லிமீற்றரில் சுடுகிறவர்களைவிட நான் எவ்வளவோ மேல்.

ஒக்ரோபர் மான் பற்றிக் கேட்டிருந்தாய். துவக்கு என்னுடையது. தோட்டா என்னுடையது. முதல் வெடி என்னுடையது. அந்த வெடியில்லாவிட்டால் அந்த மான் அங்கே நின்றிருக்காது. கடைசியில் யாருடைய விரல் விசையில் இருந்தது என்பது, தோட்டாவைப் பற்றிய கட்டுரைக்கு அவசியமில்லாத விபரம்.

நீ எஸ்பியர்க்கில் இருக்கிறாய், இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. இந்த வருடம் ஊரிலிருந்து எங்கள் ஆட்கள் நூற்றுக்கணக்கில் அகதிகளாக வந்து இறங்கியபிறகு, பின்னல் ஆலைக் கன்ரீனில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. பதினைந்து வருடமாக அவர்களுடைய இயந்திரங்களைத் திருத்துகிறவன் நான். போன கிழமை ஒருவன் கேட்கிறான்: “தேவதாசன், உன் ஆட்கள் இன்னும் எத்தனை பேர் மிச்சம்?” மற்றவர்கள் சிரித்தார்கள். வேட்டைக் குழு ஒன்றுதான் என்னை இன்னும் பழைய தேவதாசனாகப் பார்க்கிற இடம். சங்கத் தலைவர் அவராகவே என் வீட்டுக்கு வந்து, “நீ நல்லாய்ச் சுடுகிறவன், உன் அனுபவத்தை எழுது” என்று கேட்டார். அந்த மனிதரிடம் நான் பிழைவிட்ட கதைகளையா எடுத்துக் கொடுப்பது?

உனக்கு இது விளங்காது. நீ ஹென்னிங்கைக் கட்டினாய், அவனுடைய பெயரோடு இங்கே உனக்கு ஒரு இடம் வந்தது. நான் என் இடத்தை நானாகவே உண்டாக்கவேண்டியிருந்தது.

நாய்க்குச் சுகமாகட்டும்.

தேவதாசன்

*

எஸ்பியர்க்
1.12.1985

அண்ணைக்கு,

ஹென்னிங்கின் பெயரோடு இடம் வந்ததா? அவர் புற்றுநோயில் படுத்திருந்த ஏழு மாதமும் அவருடைய தாய் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தரவில்லை. செத்தவீட்டில் என்னைப் பின்வரிசையில் இருத்தினார்கள். நீங்கள் அங்கே இருந்தீர்கள், பார்த்தீர்கள். வெளியே வந்து “பொறுத்துக்கொள், கிறேஸ்” என்று சொன்னவரும் நீங்கள்தான். இன்றைக்கு வாதத்தில் தோற்கப்போகிறீர்கள் என்றவுடன் அதையே எடுத்து என்மேல் எறிகிறீர்கள்.

அவசியமில்லாத விபரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த விபரத்தை முழுதாக எழுதுகிறேன். நீங்கள் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டாலும் ஒருமுறையாவது வாசித்துவிட்டுத்தானே கிழிப்பீர்கள்.

ஒக்ரோபர் 11, வெள்ளிக்கிழமை பின்னேரம் ரெலிபோன் எடுத்தீர்கள். “நெஞ்சிலைதான் பட்டது, கிட்டத்தான் கிடக்கும்” என்றீர்கள். சனி விடிய நான் வந்தேன். மான் நின்ற இடத்தில் இருந்த இரத்தம் கறுப்புச் சிவப்பு. பக்கத்தில் பச்சையாக இரைப்பைத் தீனி. நெஞ்சில் பட்ட இரத்தம் நுரைக்கும், வெளிர்ச் சிவப்பாக இருக்கும். பத்து வருடம் வேட்டையாடிய உங்களுக்கு அது தெரியாதா? ஆனாலும் “நெஞ்சுதான்” என்று நின்றீர்கள். எத்தனை மீற்றர் என்று கேட்டேன். நூற்றிருபது என்றீர்கள். நான் அடி வைத்து எண்ணினேன். இருநூற்றுக்கு ஐந்து குறைவு.

திரீனெ முகர்ந்துகொண்டே ஒரு கிலோமீற்றருக்கு மேல் போனாள். கால் ஒரு சாண் உயரமில்லாத நாய், அந்தப் புதருக்குள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. மான் எழும்பி ஓடியதும் கயிற்றைக் கழற்றி விட்டேன். வாய்க்கால் ஓரத்தில் அதை மறித்துக் குரைத்தாள். மான் தலையைக் குனிந்து அவளைக் கொம்பில் தூக்கிப்போட்டது. நீங்கள் பதினெட்டு மீற்றரில் துவக்கைத் தோளில் வைத்தபடி நின்றீர்கள்.

“சுடுங்கோ அண்ணை” என்று கத்தினேன். “நாய் விலகீட்டுது, சுடுங்கோ.”

நீங்கள் சுடவில்லை. மான் இரண்டாம் தரமும் அவளைக் குத்தியது. பிறகு சுட்டீர்கள். அந்தக் குண்டு மானுக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் பைன் மரத்தில் போய்ப் பட்டது. மரப்பட்டை தெறித்துக் கொட்டியது. நான் ஓடிவந்து உங்கள் கையிலிருந்து துவக்கைப் பறித்தேன். “விடுங்கோ, விடுங்கோ அதை” என்றேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. பூட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றி, நான் சுட்டேன். மான் விழுந்தது.

திரீனெயை என் கோட்டில் சுற்றிக் காருக்குக் கொண்டுபோனபோது பின்னால் வந்து என்ன சொன்னீர்கள்? நாய்க்கு எப்படி என்று கேட்கவில்லை. “இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, கிறேஸ்.”

“ஓம்” என்றேன். அண்ணையின் மானம் போகக்கூடாதென்று நினைத்தேன். மறைப்பதற்குத்தான் ஓம் சொன்னேன். அதை உங்கள் பெயரில் அச்சடித்து விற்பதற்கு நான் ஓம் சொல்லவில்லை. ஹேர்னிங் நகரச் செபக்கூட்டத்திலும் இந்த மானின் கதையைச் சொன்னீர்களாம். அங்கே வந்திருந்த பவளராணி எனக்குச் சொன்னாள்: “உங்கட அண்ணர் என்ன மாதிரிச் சுடுறார்.”

கன்ரீனில் உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் அவர்கள் சிரித்ததற்கு அந்த மான் என்ன செய்தது? கறுத்தவன் ஒரு பிழையும் விடக்கூடாது என்றால், பிழைவிட்டபிறகு அதன் வலியை எல்லாம் மான் சுமக்கவேண்டுமா?

இனி முக்கியமானது. அந்த இதழை நானூறு பேர் வாசிக்கிறார்கள். பின்னால் பட்டாலும் விழும், இருநூறு மீற்றரிலும் விழும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது ஒருவன் நம்புவான். கட்டுரையைத் திருத்தி நீங்களே எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

கிறேஸ்

*

இக்காஸ்ட்
8.12.1985

கிறேஸ்,

எழுது. உன் கையெழுத்தில், உன் பெயரில் எழுது. அது அச்சாகிற அன்றே வேட்டைக் குழுவில் என் இடம் போகும். அடுத்தநாள் கன்ரீனில் “பொய்யன் தேவதாசன்” என்று ஒரு பெயர் வரும். அவர்கள் என்னை மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்கள், அகதி முகாமில் இருக்கிற பெடியங்களையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். நீ நியாயம் கேட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாய், அவர்களுக்கு நல்ல தீனி கிடைத்திருக்கும்.

ஒரு நாயின் காலுக்காக அண்ணனை விற்கத் தயாராக இருக்கிறாய். சரி.

நத்தார்ப் பண்டிகைக்கு இங்கே வரவேண்டாம். உன் மச்சாள் மாக்கிரட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

தேவதாசன்

*

எஸ்பியர்க்
7.1.1986

அண்ணைக்கு,

நத்தாருக்கு வரவேண்டாம் என்றீர்கள், வரவில்லை. இனி எழுதவும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதை நீங்கள் தெரிந்துகொள்ளாமல் சாப்பிடுவதும் நித்திரைகொள்வதும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு காலை உங்கள் குழுவில் இருக்கிற நிக்கலஸ் ரெலிபோன் எடுத்தான். உங்கள் ஆலையில் சாயப் பகுதியில் வேலை செய்கிறவன். நாற்பது வயது மனிதன், கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினான். நவம்பர் கடைசியில் ஒன்பது தசம் மூன்று வாங்கினானாம். சனிக்கிழமை அதே பைன் காட்டில் இருநூற்றுப் பத்து மீற்றரில் ஒரு கலைமானைச் சுட்டிருக்கிறான்.

“அவ்வளவு தூரத்தில் ஏன் சுட்டாய்?” என்று கேட்டேன்.

“தேவதாசன் எழுதியிருந்தார்” என்றான். “பின்னால் பட்டாலும் விழும் என்று எழுதியிருந்தார். ஆறரையாக இருந்தால் நான் சுட்டிருக்கவே மாட்டேன்.”

உங்கள் கனமான குண்டு இருநூற்றுப் பத்து மீற்றரில் ஒரு சாணுக்குமேல் கீழே இறங்கும். அதை ஏன் எழுதவில்லை? ஆழமாகப் போகும் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, கீழே விழும் என்று எழுதத் தெரியவில்லையா? நெஞ்சைக் குறிவைத்தவன் முன்னங்காலை உடைத்திருக்கிறான். பனியில் எலும்புத் துண்டுகள் கிடந்தன. நான் பொறுக்கி எடுத்தேன், விரல் நீளம் ஒன்று.

திரீனெயால் நடக்க முடியாது. றிங்கேபிங்கிலிருந்து இன்னொருவரின் நாயைக் கொண்டுவந்தோம். பெரும் தெருவரை கொண்டுபோனது. தெருவில் உப்புப் போட்டிருந்தார்கள், அதற்கப்பால் நாய்க்கு மணம் பிடிபடவில்லை. திங்களும் தேடினோம். இன்றைக்கு எனக்கு வேலை, அந்த மனிதருக்கும் வேலை. மூன்று காலில் அந்த மான் எங்கேயோ நிற்கிறது. மூன்றாவது நாள் இது.

இன்னொன்றும் எழுதவேண்டும். சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, முத்திரையும் ஒட்டி, டிசம்பர் முழுதும் மேசையில் வைத்திருந்தேன். அனுப்பவில்லை. நீங்கள் சொன்ன அந்தக் கன்ரீன் என் மண்டைக்குள் நின்றது. அதை அனுப்பியிருந்தால் நிக்கலஸ் வாசித்திருப்பான். ஆகவே அந்தக் காலில் எனக்கும் பங்கிருக்கிறது. அதற்காக என்மேல் எனக்கு வருகிற கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதனால் அதையும் சேர்த்து உங்களுக்கே அனுப்புகிறேன்.

கிறேஸ்

*

இக்காஸ்ட்
12.1.1986

கிறேஸ்,

மான் செத்துவிட்டது. நேற்று, சனிக்கிழமை காலை பத்தரைக்கு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ இனித் தேடவேண்டாம்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வாசித்தவுடன் எனக்கு ஆத்திரம் நிக்கலஸ்மேல்தான் வந்தது. அறிவில்லாதவன், இருநூற்றுப் பத்து மீற்றரில் என்ன வெடி என்று மாக்கிரட்டிடம் கத்தினேன். அவள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “நீங்கள்தானே சொல்லிக் குடுத்தனீங்கள்.” இருபது வருடத்தில் அவள் என்னோடு அப்படிக் கதைத்ததில்லை.

இந்தக் கிழமை எனக்குப் பின்னேர வேலை. வியாழன் காலை போனேன், வெள்ளி போனேன். உப்புப் போட்ட தெருவுக்கு அப்பால் சுற்றிச் சுற்றி நடந்தேன். நாய் இல்லாமல் தேடுவது என்ன வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நூறு மான் அடிகள் பனியில் இருந்தன. எல்லாம் நான்கு கால். சனிக்கிழமை காலை எரிக்கக் கரிமண் வெட்டிய பழைய குழிகள் பக்கம் ஒரு தடத்தைக் கண்டேன். மூன்று குளம்பு பதிந்திருந்தது, நாலாவது இடத்தில் ஒரு கோடு இழுபட்டிருந்தது. அதோடு போனேன். அது படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பியது, ஓடவில்லை. ஓட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கால் கீழே தோலில் தொங்கியது. அந்த மணத்தை உனக்கு எழுதத் தேவையில்லை.

முப்பது மீற்றர் இருக்கும். வேலிக் கட்டையில் துவக்கை வைத்தேன். குழல்நோக்கியில் அதன் தோள் நிறைந்து தெரிந்தது. விசையை அழுத்தப் போனேன், மான் காணாமல் போனது. ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், என் கண் மூடியிருந்தது.

எழுதுகிறேன். உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுத?

1981இல் ஆலையில் துணி உருளை ஒன்று வலது தோளில் விழுந்தது உனக்கு நினைவிருக்கும். நீதான் கட்டுப்போட்டாய். சுகமாகிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒன்பது தசம் மூன்று உதைக்கிற உதை சின்ன உதை இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் தோள் கிழிந்ததுபோல் இருந்தது. போகப்போக உடம்பு அதை முன்கூட்டியே அறிந்துகொண்டது. வெடி கேட்பதற்கு முன்னமே கண் மூடிவிடும், கை இழுபடும். கிளையும் இல்லை, காற்றும் இல்லை. அந்தப் பதினான்கில் பத்து மான்கள் தோள் அடிபட முன்னம் சுட்டவை. அதற்குப் பிறகு சுட்டதில் விழுந்ததெல்லாம் அதிர்ஷ்டத்தில் விழுந்தவை. சின்னத் துவக்குக்கு மாறியிருக்கலாம். மாறினால் ஏன் என்று கேட்பார்கள். ஒன்பது தசம் மூன்றுக்காரன் என்றுதான் குழுவில் என்னைத் தெரியும்.

நேற்று நான் வேலியைத் தாண்டிக் கிட்டப் போனேன். பத்து மீற்றர். கண்ணைத் திறந்து வைத்திருக்க வாய்விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழு வரை எண்ணினேன் என்று நினைக்கிறேன். விழுந்தது. 

நிக்கலஸுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். நன்றி சொன்னான். அந்த நன்றிக்கு அவனை அடிக்கவேண்டும் போல் இருந்தது.

தேவதாசன்

*

எஸ்பியர்க்
19.1.1986

அண்ணைக்கு,

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அழுகை வருமென்று பார்த்தேன். கோபம்தான் வந்தது.

நான் தாதி. தோளைக் கட்டியவள் நான். “நோகுதோ?” என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை.” அந்த ஒண்டுமில்லை என்ற சொல்லுக்கு நாலு வருடத்தில் நாலு மானும் என் நாயும் பதில் சொல்லியிருக்கின்றன. இப்போது நிக்கலஸின் மானையும் சேர்த்தால் ஐந்து. தோள் நோகிறது என்று சொல்வது ஒரு ஆம்பிளைக்கு அவ்வளவு பாரமா?

பத்து மீற்றருக்குப் போய் அதை முடித்தது சரியான வேலை. அதற்கு மட்டும் உங்களில் எனக்கு மதிப்பு. மற்றதற்கெல்லாம் இன்னும் இல்லை. இதையெல்லாம் எனக்கு எழுதி என்ன பிரயோசனம்? எனக்குத் தெரியாத மானா? அந்த நானூறு பேருக்கு எழுதுங்கள். தூரத்தை எழுதுங்கள், குண்டு இறங்குவதை எழுதுங்கள், தோளை உதைப்பதை எழுதுங்கள், கண் மூடியதை எழுதுங்கள். சுட்டது யார் என்பதையும் எழுதுங்கள்.

நான் எழுதிவைத்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீங்கள் செய்யவேண்டியதை நான் செய்யப்போவதில்லை.

கிறேஸ்

*

இக்காஸ்ட்
23.2.1986

கிறேஸ்,

மூன்று பக்கம் எழுதி இதழுக்கு அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. ஆசிரியர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இப்படியான அனுபவங்களை வெளியிட்டால் வேட்டையை எதிர்க்கிறவர்களின் வாய்க்குத்தான் அவல் கிடைக்கும், முதல் கட்டுரை வாசகர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, அதோடு விடுவோம் என்றார். பார்த்தாயா? பொய்க்கு இரண்டு பக்கமும் ஒரு படமும் தந்தவர்களிடம் உண்மைக்கு இடமில்லை.

நேற்று மத்தியானம் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம். நாற்பது பேர்வரை வந்திருந்தார்கள். கோப்பியும் கேக்கும் வந்தபிறகு, ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும் என்று கை உயர்த்தினேன். கட்டுரைக்குப் பாராட்டு வாங்கப் போகிறேன் என்று தலைவர் நினைத்திருப்பார், சிரித்துக்கொண்டே இடம் விட்டார். எழுதியதை எடுத்து வாசித்தேன். பதினேழு விலங்குகளில் நான்கை என் தங்கை நாயோடு தேடவேண்டியிருந்தது, ஒன்று கிடைக்கவேயில்லை என்று வாசித்தேன். கண் மூடுவதை வாசித்தேன். “பதினான்காவது மானை நான் சுடவில்லை. சுட்டது என் தங்கை. அவளுடைய நாய் அன்றைக்கு என்னால் குத்துப்பட்டது” என்று வாசித்தேன். 

நிக்கலஸ் எழும்பினான். முகம் சிவந்திருந்தது.

“நான் அதை நம்பித்தானே சுட்டேன்” என்றான். “ஒரு கிழமை அது மூன்று காலில் நின்றது. நீ எனக்குச் சாயப் பகுதியில் வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தினமும் என்னைக் கடந்துதானே போகிறாய்?”

“சொல்லியிருக்கலாம்” என்றேன். “சொல்லாதது என் பிழை.” 

பின்னாலிருந்து ஒருவன், யாரென்று தெரியும், பெயர் எழுதமாட்டேன், “இவர்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான், அகதி விண்ணப்பத்திலும் இப்படித்தான்” என்றான். அப்போது எனக்கு வந்த கோபம், கிறேஸ், இந்த வருடமெல்லாம் சேர்ந்த கோபம். திரும்பி அவனைப் பார்த்துச் சொன்னேன்: “1984 நவம்பரில் உன்னுடைய பெண்மானையும் என் தங்கைதான் தேடினாள். அது உன் கணக்கில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”  அந்த நாற்பது பேரில் பத்துப் பேரின் மானையாவது நீ தேடியிருப்பாய். நான் சுற்றிவரப் பார்த்தேன். ஒருவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஆறரைக்காரரும் பார்க்கவில்லை, ஒன்பது தசம் மூன்றுக்காரரும் பார்க்கவில்லை.

வாக்கெடுத்தார்கள். குழுவில் என் இடம் போய்விட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்பவும் கேட்கலாமாம். நிக்கலஸ் மட்டும் எனக்காகக் கை தூக்கினான். அதையும் நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்து அவனோடு கதைக்கப் போனேன், கையை மட்டும் காட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டான்.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். லேசாக இருக்குமென்று நினைத்தேன், இல்லை. உன்மேலும் கோபம் இருக்கிறது. நீ சொன்னது சரி என்பதால் அது குறையவில்லை. கன்ரீனில் இனி என்ன சொல்வார்களோ, நாளைக்குத் தெரியும்.

திரீனெக்கு எப்படி? அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும்.

தேவதாசன்

*

எஸ்பியர்க்
16.3.1986

அண்ணைக்கு,

போன கிழமை உங்கள் சங்கத் தலைவர் ரெலிபோன் எடுத்தார். குழுவில் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறதாம், நான் “நல்லாய்ச் சுடுகிறவள்” என்று கேள்விப்பட்டாராம், வருகிறாயா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டெனிஷ் முழுவதையும் பாவித்துப் பதில் சொன்னேன். இனி எடுக்கமாட்டார்.

திரீனெ மூன்றரைக் காலில் நடக்கிறாள். நாலாவதை நினைத்தால் ஊன்றுவாள், மறந்தால் தூக்கிக்கொள்வாள். மூக்கில் ஒரு குறையும் இல்லை. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, மெதுவான வேலை செய்யலாம் என்றார்.

வாடே தெருவில் பனி கரைந்ததிலிருந்து மான்கள் காரில் அடிபடுகின்றன. அடிபட்டதும் காட்டுக்குள் ஓடிப் படுத்துவிடும், பொலிஸ் எங்களைக் கூப்பிடும். இந்த வருடம் புதிய படிவம் தந்திருக்கிறார்கள். நாய் கொண்டுபோகிறவரின் பெயர் ஒரு வரி, துவக்கோடு பின்னால் வருகிறவரின் பெயர் அடுத்த வரி. கயிறும் துவக்கும் ஒரே ஆளின் கையில் இருக்கக்கூடாதாம். ஹென்னிங்குக்குப் பிறகு யார் கூப்பிட்டாரோ அவரையே பின்னால் நடக்கவைத்தேன், அதில் பாதிப்பேர் பயந்தவர்கள். இரண்டாவது வரியில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்காமல்தான் எழுதினேன்.

இதை மன்னிப்பு என்று எடுக்கவேண்டாம். அந்தக் கட்டுரையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. செத்தவீட்டை எடுத்து எறிந்ததும் மறக்கவில்லை. ஆனால் மூன்று நாள் பனியில் நாய் இல்லாமல் நடந்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

ஒன்பது தசம் மூன்றைக் கொண்டுவரவேண்டாம். ஹென்னிங்கின் ஆறரை இங்கே அலுமாரியில் இருக்கிறது, உங்களுக்கு அதைப் பாவிக்க அனுமதிக் கடிதத்துக்கும் கேட்டிருக்கிறேன். அது தோளை உதைக்காது. கிட்டத்தில் நின்று முடிக்கிற வேலைக்கு அது போதும். ஆனால் கடுதாசி மட்டையில் ஐம்பது வெடி வைக்காமல் உங்களை மான் கிட்ட விடமாட்டேன். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு இங்கேயுள்ள சுடுகளத்தைக் கேட்டு வைத்திருக்கிறேன். மட்டையில் எங்கே பட்டது என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். நான் பக்கத்தில் நின்று உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாக்கிரட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்களோடு தனியாக ஒரு மேசையில் இருக்க எனக்கு இன்னும் மனமில்லை.

கிறேஸ்